நெல்லியடியிலிருந்து மணற்காடு வரை: சைக்கிளில் ஒரு சுற்று



வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகளின் வாயில் இப்போது ஒரு புதுச் சொல் அடிபடுகிறது: "கிறவல் பைக்". பந்தய சைக்கிளைப் போல வளைந்த கைபிடி, ஆனால் மெல்லிய ரயர் இல்லை. கல்லிலும் மண்ணிலும் ஓடத் தக்க அகலமான ரயர். தார் வீதியை விட்டு விலகி, காட்டுப் பாதை, மலைப் பாதை, பழைய கோட்டை, பாழடைந்த கட்டிடம் என்று தேடிப் போய்ப் பார்ப்பதற்காகவே செய்த வண்டியாம். அமெரிக்காவின் கன்ஸாஸ் மாநிலத்தில் 2006ஆம் ஆண்டு முதல் இதற்கென்று 200 மைல் ஓட்டம் நடக்கிறது. 2022இல் இத்தாலியில் உலகப் போட்டியே வைத்துவிட்டார்கள். விலையைக் கேட்டால் ஒரு பெண்பிள்ளையின் கலியாணச் செலவில் பாதி வரும்.

கிறவல் பாதை நமக்குப் புதிதா? புத்தளம், கற்பிட்டி, வன்னி, மன்னார் என்று எந்தப் பக்கம் வாழ்ந்தவராக இருந்தாலும் கிறவல் தூசி குடித்து வளர்ந்தவர்கள்தான் நாம். லுமாலா சைக்கிளின் கரியரில் ஒரு பிள்ளை, முன்பாரில் இன்னொரு பிள்ளை, கைபிடியில் மரக்கறிப் பை என்று கிறவலில் ஓடியவர்களுக்கு யாரும் பதக்கம் கொடுக்கவில்லை. அதனால் விலையுயர்ந்த வண்டியை மறந்துவிடுங்கள். வீட்டில் இருக்கும் சைக்கிளுக்குக் காற்று அடித்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டால் போதும். இந்த மாதம் வடமராட்சியில் நெல்லியடியை மையமாக வைத்து ஒரு சுற்றுப் போய் வருவோம்.

"மலையும் காடும் இருந்தால்தானே பார்க்க அழகு? யாழ்ப்பாணத்தில் மலை ஏது?" என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. உண்மைதான். குடாநாடு முழுவதும் சுண்ணக்கல்லின் மேல் விரித்த பாய் போலத் தட்டையான நிலம். கீரிமலைக்குப் பெயரில்தான் மலை. தொண்டைமானாறு என்பார்கள், அது ஆறும் அல்ல, கடலோடு சேர்ந்த நீரேரி. ஆறு என்று சொல்ல வழுக்கியாறு ஒன்று உண்டு, அதுவும் மாரியில் மட்டும். ஆனால் பெயரும் பொருளும் ஒத்த ஒரே இடமாக மணற்காடு இருக்கிறது. அங்கே மணலே மலை. சவுக்கு மரங்களே காடு.

நிஜமான மலைதான் வேண்டும் என்றால், கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட "பீக்கோ" நடைபாதையைத் தேயிலைத் தோட்டங்களினூடாக அமைத்திருக்கிறார்கள். அதற்கு முன்பே நம்மவர் ஒருவர் இந்த நாட்டின் மலைக்காட்டுப் பாதையை உலகுக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா 1344இல் புத்தளம் கரையில் இறங்கி, யாழ்ப்பாண அரசரான ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு, அவர் உதவியோடு பாவா ஆதம் மலைக்குப் போனார். அட்டைக் கடியையும், பாறையில் தொங்கும் சங்கிலிகளையும் அவர் விவரித்திருக்கிறார். அந்த அரசருக்குப் பார்சி மொழி விளங்கியது என்றும் எழுதுகிறார். வடக்கின் தமிழ் அரசரும் ஒரு முஸ்லிம் பயணியும் முத்துக்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். அந்த மலைப் பாதை பற்றி வேறொரு மாதம், இன்ஷா அல்லாஹ்.

பெண்பிள்ளையும் சைக்கிளும்

பாதைக்குப் போக முன் ஒரு விஷயத்தைப் பேசியே ஆக வேண்டும். இந்தப் பக்கத்தை வாசிக்கும் தாய்மாரில் பலர் மகள் ஒன்பது, பத்து வயது வரை சைக்கிள் ஓட விடுவார்கள். பிள்ளை பெரிய பிள்ளையானதும் சைக்கிள் நானாவுக்கோ தம்பிக்கோ போய்விடும். "மார்க்கத்தில் இல்லை" என்று ஒரு சொல்லோடு கதை முடிந்துவிடும்.

மார்க்கத்தில் எங்கே இல்லை? ஒட்டகத்தில் ஏறிய பெண்களில் குறைஷிப் பெண்களைச் சிறந்தவர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் பாராட்டியதாக ஹதீஸில் வந்திருக்கிறது. பிள்ளைகள் மீது அவர்கள் கொண்ட பாசத்தை அதே ஹதீஸ் சேர்த்துச் சொல்கிறது. ஆயிஷா (ரலி) அவர்கள் ஒரு பயணத்தில் நபியவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடி வென்றதும், பின்னொரு காலத்தில் தோற்றதும் நாம் அறிந்த செய்தி. உடை ஒழுங்கு, பார்வை ஒழுங்கு, துணையோடு போவது ஆகியவற்றை மார்க்கம் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறது. இரண்டு சக்கரத்தை விலக்கியதாக எனக்குத் தெரிந்த எந்த ஆலிமும் சொல்லவில்லை. ஊர் வாய்க்குப் பயந்து நாம் எடுத்த முடிவுக்கு மார்க்கத்தின் பெயரைச் சூட்டிவிட்டோம் என்பதே என் எண்ணம்.

தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தறிவு கொடுத்தபோது, கூடவே சைக்கிளும் கற்றுக் கொடுத்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் என்ற பெண்மணி இதற்கு முன்னின்றார். 1992ஆம் ஆண்டு மகளிர் தினத்தன்று 1,500க்கும் அதிகமான பெண்கள் சைக்கிளில் நகரத்துக்குள் வந்தார்கள். சில ஆண்டுகளுக்குள் ஒரு லட்சம் பெண்கள் வரை கற்றுக்கொண்டார்கள். கல்லுடைக்கும் பெண்கள், பூக் கட்டும் பெண்கள், வயலில் கூலி செய்பவர்கள், இவர்களோடு நமது முஸ்லிம் சகோதரிகளும் ஏராளம். முதலில் கேலி பேசியவர்கள் உண்டு. பஸ்ஸுக்குக் காத்து நின்ற நேரம் மிச்சமானதும், தண்ணீர்க் குடத்தைக் கரியரில் கட்டிக் கொண்டுவந்ததும், சந்தைக்குப் போய்ப் பொழுதோடு வீடு திரும்பியதும் கண்ட பிறகு கேலி ஓய்ந்துவிட்டது. பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். முன்பாரில் பிள்ளையை இருத்தலாம் என்று அதையே விரும்பியவர்களும் இருந்தார்களாம். இதைத்தான் நம் உம்மாமார் எப்போதோ செய்தார்கள்.

யாழ்ப்பாணத்திலோ பெண் சைக்கிள் ஓடுவது யாருக்கும் அதிசயம் இல்லை. வெள்ளைச் சீருடையில், பின்னிய சடையோடு, வரிசையாகப் பள்ளிக்கூடம் போகும் மாணவிகள் இல்லாமல் அந்த ஊரின் காலை நேரத்தை நினைக்க முடியாது. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை வந்து பெற்றோலும் மின்சாரமும் நின்றுபோன ஆண்டுகளில் குடாநாடே சைக்கிளில்தான் ஓடியது. நோயாளியும் சைக்கிளில், நெல்லு மூட்டையும் சைக்கிளில், மணமகளும் சைக்கிளில். இரவில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். ஒருவர் சுற்றுவார், பத்துப் பேர் கேட்பார்கள்.

அந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் அங்கே இருக்கவில்லை. 1990 அக்டோபர் 15இல் சாவகச்சேரி முஸ்லிம்களையும், 30இல் யாழ் நகர முஸ்லிம்களையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். நகரத்தவர்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். வடக்கின் ஐந்து மாவட்டங்களிலுமாகச் சுமார் 75,000 பேர் இப்படி ஊர் இழந்தார்கள். கொஞ்சக் காசும் மாற்று உடையும் தவிர எதையும் கொண்டுபோக விடவில்லை. வீட்டு முற்றத்தில் நின்ற சைக்கிளும் அங்கேயே நின்றது. புத்தளத்து முகாம்களில் வளர்ந்த பெண்பிள்ளைகளுக்குச் சைக்கிள் ஒரு தலைமுறை இடைவெளி விட்டுத்தான் கைக்கு வந்தது. 2009இல் யுத்தம் முடிந்த பிறகு மீண்டு வந்த குடும்பங்களிலும் பிள்ளைகள் அந்த மண்ணை ஊர்ப் பெயராக மட்டுமே அறிந்திருக்கிறார்கள். பஸ் யன்னல் வழியாக ஊரைப் படிக்க முடியாது. அதனால்தான் சைக்கிளில் போங்கள் என்கிறேன்.

புறப்பாடு

கொழும்பிலிருந்தோ வவுனியாவிலிருந்தோ வருகிறவர்கள் கொடிகாமத்தில் ரயிலை விட்டு இறங்கினால் வடக்கே நெல்லியடிக்கு வந்துவிடலாம். யாழ் நகரிலிருந்து வருகிறவர்கள் பருத்தித்துறை வீதியில் கோப்பாய், நீர்வேலி, புத்தூர் தாண்டி வல்லை வெளிக்கு வருவார்கள். இரு புறமும் நீரும் உவர் நிலமும், நடுவே பாலம், மறைப்பே இல்லாத காற்று. அதைக் கடந்தால் நெல்லியடி. சந்தி எப்போதும் சனக்கூட்டம், சந்தையில் அந்தந்த நாள் தோட்டத்து மரக்கறி மலிவு. இங்கே தண்ணீர், பழம், பிஸ்கட் எல்லாம் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு கடை குறைவு.

சுபஹுத் தொழுதவுடன் புறப்பட வேண்டும். எட்டு மணிக்குப் பிறகு மணலில் வெயில் ஏறிவிடும். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஐந்து பேரோடு நான் போனபோது ஆறு மணிக்கே சந்தியை விட்டுவிட்டோம். பிரதான வீதியை விட்டு விலகி, கரவெட்டி, துன்னாலைப் பக்கத்து உள்வீதிகளால் போவது நல்லது. பனை வேலி, கிடுகு வேலி, வெங்காயத் தோட்டம், புகையிலைத் தோட்டம், இடையிடையே போரில் கூரை இழந்து இன்னும் எழும்பாத வீடு. வடமராட்சியில் 1987இலும் பெரிய படை நடவடிக்கை நடந்தது. அதன் பிறகும் நிம்மதியான பத்தாண்டு அந்த மக்களுக்கு வாய்க்கவில்லை.

துன்னாலைப் பக்கம் ஒரு வீட்டுப் படலையில் நின்ற வயதான அம்மா எங்களை மறித்தார். "பிள்ளையள், தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ. எந்த ஊர்?" என்றார். மூத்தவள், "வாப்பாட ஊர் சோனக தெரு, அம்மா" என்றாள். "அப்ப எங்கட ஆக்கள்தானே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் செம்பில் தண்ணீரும் கிண்ணத்தில் பனங்கட்டியும் கொண்டுவந்தார். சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு வீடு வீடாக வரும் ஒரு நானாவிடம்தான் தன் மகளுக்குப் பாவாடைத் துணி எடுப்பாராம். கடன் கொப்பியில் கணக்கு இருந்ததாம். "கடைசிக் கணக்கு இன்னும் குடுக்கேல்லை. அவர் வரேல்லை" என்றார். எந்தக் காலத்துக் கடன் என்று பிள்ளைகள் கேட்கவில்லை. அந்த அம்மாவும் சொல்லவில்லை.

வல்லிபுரம்

உள்வீதியால் வந்தால் மண் நிறம் மாறுவதைக் கவனியுங்கள். கரவெட்டிப் பக்கத்துச் செம்மண் மெல்ல மெல்ல வெளுத்து, வல்லிபுரத்தில் வெண்மணலாகிவிடும். ஒழுங்கைகள் கல்லும் மணலும் கலந்தவை. சைக்கிள் வழுக்கினால் வெட்கப்படாமல் இறங்கித் தள்ளுங்கள். ரயரில் கொஞ்சம் காற்றை இறக்கினால் மணலில் புதையாமல் ஓடும். மறுபடி அடிக்க ஒரு கைப்பம்பு அவசியம்.

வல்லிபுரம் பெரிய விஷ்ணு கோயில் உள்ள ஊர். நாம் வணங்கப் போகவில்லை, ஊரின் வரலாற்றைப் பார்க்கப் போகிறோம். கோயில் வீதியில் அடக்கமாக, சத்தமில்லாமல் கடந்து போக வேண்டும். திருவிழாக் காலத்தில், அதாவது செப்டெம்பர், அக்டோபர் நாட்களில், பெருங்கூட்டம் கூடும். அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

இந்த மணலுக்கடியில் ஒரு பழைய பட்டினம் கிடக்கிறது. 1936இல் இங்கே ஒரு பொன்னேடு கிடைத்தது. தங்கத் தகட்டில் பிராமி எழுத்தில், பிராகிருத மொழியில் வெட்டிய சாசனம். பேராசிரியர் பரணவிதான அதை வாசித்து, கி.பி. 67 முதல் 111 வரை அநுராதபுரத்தில் ஆண்ட வசப மன்னன் காலத்தது என்றும், நாகதீபத்தில் ஓர் அதிகாரியின் ஆட்சியில் விகாரை ஒன்று கட்டப்பட்டதை அது சொல்கிறது என்றும் எழுதினார். அதன் வாசிப்பைப் பற்றி அறிஞர்களுக்குள் இன்றும் வாதம் ஓயவில்லை. இங்கே கிடைத்த ஒரு புத்தர் சிலையை 1906இல் அப்போதைய ஆளுநர் ஹென்றி பிளேக் சயாம் அரசருக்கு அன்பளிப்பாக அனுப்பினார். யாழ்ப்பாண அரசர்களின் பழைய தலைநகரான சிங்கைநகர் இதுவே என்று வாதிட்டவர்களும் உண்டு. ஆக பௌத்தரும் சைவரும் வைணவரும் வாழ்ந்து போன இடத்தின் மேல் இன்று காற்று மணலை ஊதிக்கொண்டிருக்கிறது. பூமியில் சுற்றி வந்து முன்னோரின் முடிவைப் பாருங்கள் என்று திருக்குர்ஆன் பல இடங்களில் அழைக்கிறதே, அதை நான் பிள்ளைகளுக்குச் சொன்ன இடம் இதுதான். இரண்டாவது பெண் குனிந்து ஒரு பழைய ஓட்டுத் துண்டை எடுத்தாள். பார்த்துவிட்டு அதே இடத்தில் வைக்கச் சொன்னேன். தொல்பொருள் இருக்கும் இடத்தில் ஒரு ஓட்டையும் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது, சட்டமும் அதுதான்.

முஸ்லிம்களின் பழைய தடம் தேடுகிறவர்களுக்கு இங்கிருந்து இன்னொரு கிளைப் பயணம் உண்டு. யாழ்ப்பாண வைபவமாலை சொல்லும் வரலாற்றின்படி, சோனகர் முதலில் குடியேறிய இடங்களில் ஒன்று உசன். கொடிகாமத்துக்கு அப்பால், மிருசுவில் பக்கம். அங்கிருந்து நல்லூர்ப் பக்கம் வந்து, அதன் பின்னரே இன்றைய சோனக தெரு உண்டானது. அதை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மணல் மலை

வல்லிபுரத்திலிருந்து தெற்கே கிழக்குக் கரையோரமாகப் போனால் மணற்காடு. வங்கக் கடல் கரையில் ஒதுக்கும் மணலைக் காற்று உள்ளே தள்ளித் தள்ளிக் கட்டிய மேடுகள். வாடைக் காற்று ஒரு பக்கம் குவிக்க, சோளகம் மறு பக்கம் சீவிவிடும். அதனால் போன வருடம் பார்த்த மேடு இந்த வருடம் அதே வடிவில் இராது. மணல் ஊருக்குள் வந்துவிடாமல் பிடித்து வைக்கச் சவுக்கு நட்டிருக்கிறார்கள். அந்த நிழலில் சவுக்கு ஊசிகள் விழுந்து மெத்தை போலக் கிடக்கும். கண்ணை மூடினால் இலையின் இரைச்சலா, கடலின் இரைச்சலா என்று தெரியாது. பிள்ளைகள் மேட்டில் ஏறி உருண்டார்கள். நான் பர்தாவோடு ஏறி, நின்று, மூச்சு வாங்கினேன்.

கரைக்குச் சமீபமாக ஒரு பழைய அந்தோனியார் கோயில் மணலில் புதைந்து கிடக்கிறது. சுண்ணக்கல் சுவரும் வளைவும் மட்டும் வெளியே. மணலை எதிர்த்துக் கட்டிடம் நிற்காது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மணல் இருப்பதும் அவசியம், சகோதரிகளே. குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை என்றேன். கிணற்றுத் தண்ணீர் முழுவதும் மழை நீர்தான், அது நிலத்துக்கடியில் உவர் நீரின் மேல் மிதந்து நிற்கிறது. மணல்மேடு மழையை உறிஞ்சி மெல்ல மெல்ல கீழே விடும். அதனால்தான் கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர்க் கிணறு இருக்கிறது. மேட்டை வெட்டி எடுத்துவிட்டால் நன்னீர்ப் படலம் மெலிந்து, உவர் மேலே ஏறும். ஒருமுறை ஏறிய உவரை இறக்குவது எளிதல்ல. அதற்கு மேல், 2004 டிசெம்பர் 26 சுனாமி வடமராட்சி கிழக்குக் கரையைச் சூறையாடியது நமக்குத் தெரியும். உடுத்துறையில் அந்த நாளில் போனவர்களுக்கான நினைவிடம் இருக்கிறது. கடலுக்கும் ஊருக்கும் நடுவே உயர்ந்த மணல்மேடு நிற்பது ஓர் அரண்.

அப்படியிருக்க, யுத்தம் முடிந்து வீடுகள் எழும்பத் தொடங்கியதிலிருந்து இந்தப் பக்கத்து மணல் லொறி லொறியாகப் போகிறது. அனுமதிப் பத்திரத்தோடு போவதும் உண்டு, இருட்டில் போவதும் உண்டு. மணல் அள்ள அனுமதி கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம். வீடு கட்டுகிறவர்கள் நாமும்தான். கல்லுக்கும் கம்பிக்கும் விலை கேட்கும் நாம், மணல் எங்கிருந்து வருகிறது, பத்திரம் இருக்கிறதா என்று ஒருபோதும் கேட்பதில்லை. லொறிக்காரர் முற்றத்தில் கொட்டிவிட்டுப் போகும்போது பெரும்பாலும் வீட்டில் நிற்பது பெண்தான். கேட்கலாம். திருடிய மணலில் கட்டிய அறையில் முஸல்லா விரிப்பது எனக்கு மனம் ஒப்பாத காரியம்.

லுஹருக்கு முன் திரும்புவதாக இருந்தாலும் ஒரு முஸல்லாவும் வுழூவுக்கு ஒரு போத்தல் தண்ணீரும் கொண்டுபோங்கள். பூமி முழுவதும் தொழும் இடமாக ஆக்கப்பட்ட உம்மத் நாம். சவுக்கு நிழலில் லுஹாத் தொழுதோம். நெல்லியடிச் சுற்று மட்டும் கஸ்ருக்கு உரிய தூரம் அல்ல, தூர ஊரிலிருந்து பயணமாக வந்தவர்கள் தங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

ஓர் எச்சரிக்கை. மணற்காட்டுக்குத் தெற்கே அம்பன் தாண்டி நாகர்கோவில் பக்கம் யுத்த காலத்து முன்னரங்கு இருந்தது. நாகர்கோவில், முகமாலைப் பகுதிகளில் கண்ணிவெடி அகற்றுவது பல்லாண்டு வேலை. அந்தப் பக்கம் போனால் ஊரவர் நடக்கும் பாதையை விட்டு ஓரடியும் விலகாதீர்கள். சிவப்புப் பலகையில் மண்டையோட்டுப் படம் கண்டால் அப்படியே திரும்பி விடுங்கள். பிள்ளைகளுக்கு இதைப் புறப்பட முன்னரே சொல்லி வையுங்கள்.

உடையும் வண்டியும்

அபாயா அணிந்து சைக்கிள் ஓடலாம். கீழே தளர்ந்த சல்வார் இருக்க வேண்டும், அபாயாவின் விளிம்பு கணுக்காலுக்கு மேல் தூக்கி ஊசி குத்தியிருக்க வேண்டும். சங்கிலிக்கு முழு மூடியும், பின் சக்கரத்துக்கு வலையும் போட்டுக்கொள்ளுங்கள். எந்தச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும். ஷோலின் நுனி காற்றில் பறக்காமல் உள்ளே செருக வேண்டும். கறுப்பு உடை வெயிலில் கொதிக்கும், இந்தப் பயணத்துக்கு வெளிர் நிறம் நல்லது. பஞ்சர் ஒட்டும் பசையும் ஒரு ரியூப் துண்டும் கரியர்ப் பையில் இருக்கட்டும். ஆறு சைக்கிளில் இரண்டு எங்களுக்குப் பஞ்சரானது, நெருஞ்சி முள்.

வழியில் கருப்பநீர் விற்பார்கள். சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறக்கியது புளிக்காது, குடிக்கலாம். சுண்ணாம்பு இல்லாமல் இறக்கியது கள்ளு. இரண்டும் ஒரே பனையில்தான் வருகின்றன. கேட்டு, மணந்து பார்த்து வாங்குங்கள். சந்தேகம் வந்தால் நுங்கு போதும்.

கரையோரமாகத் திரும்புதல்

மணற்காட்டிலிருந்து வடக்கே பருத்தித்துறைக்கு வரும்போது உடம்பு களைத்திருக்கும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் அன்றைய பயணத்தை அத்தோடு முடித்து, மீதியை மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள். தும்பளைப் பக்கத்தில் தெருமூடி மடம் என்றொரு அழகான கட்டிடம். வீதியின் இரு பக்கமும் கல்தூணும் திண்ணையும், மேலே வீதியையே மூடிய கூரை. வண்டிலில் வந்தவர்களும் தலைச்சுமையோடு வந்தவர்களும் இளைப்பாறக் கட்டியது. சைக்கிளோடு அதன் உள்ளே ஓடிப் போகலாம். நாங்கள் திண்ணையில் அரை மணி நேரம் இருந்தோம். யாரும் எழுப்பவில்லை.

1916இல் கட்டிய பருத்தித்துறை வெளிச்சவீடு 32 மீற்றர் உயரம். அருகில் படம் எடுக்க முன் அங்கே நிற்பவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதையடுத்து மேற்கே கடலைத் தொட்டுக்கொண்டு ஓடும் வீதி வல்வெட்டித்துறைக்குப் போகிறது. கப்பல் கட்டிய ஊர் அது. 1930இல் அங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்கினார். உள்ளூர் மாலுமிகள் அதை ஓட்டிப் போய் 1938 ஓகஸ்டில் மாசசூசெட்ஸில் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். 1971இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த ஆனந்தன் பிறந்ததும் இந்த ஊரில்தான். கடலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தூரம் ஒரு பொருட்டல்ல போலும்.

அப்பால் தொண்டைமானாறு. செல்வச்சந்நிதி முருகன் கோயில் பேர் போனது. ஆனால் உயர்தரம் படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இந்த ஊர்ப் பெயர் வேறு காரணத்துக்காக உங்களுக்குத் தெரிந்திருக்கும்: தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் மாதிரி வினாத்தாள். வினாத்தாள் வந்த ஊரை நேரில் கண்டதும் எங்கள் மூத்தவள், "இவ்வளவு அமைதியான இடத்திலிருந்தா சாச்சி, அந்தக் கேள்வி எல்லாம் வந்தது?" என்றாள். நீரேரியில் நாரைகள் நின்றன. கடல் நீர் உள்ளே வராமல் தடுக்கும் கதவுகளும் அங்கே இருக்கின்றன. அதைக் கொண்டு நீரேரியை மெல்ல நன்னீராக்குவது பழைய கனவு. இங்கிருந்து உடுப்பிட்டி வழியாக நெல்லியடி கிட்டத்தான்.

எந்த மாதம் என்று கேட்டால், மாரி ஓய்ந்து வெயில் முற்றாத பெப்ரவரியும் மார்ச்சும் என்பேன். நோன்பு மாதம் அதில் வந்தால் தள்ளி வையுங்கள். மே மாதத்துக்குப் பிறகு சோளகம் எழும்பிவிடும். பருத்தித்துறையிலிருந்து மேற்கே ஓடும் கரையோர வீதியில் அது நேரே முகத்தில் அடிக்கும், சின்னவர்களால் பெடலை மிதிக்கவே முடியாது. அப்போது போகத்தான் வேண்டும் என்றால் சுற்றைத் திருப்பிப் போடுங்கள்: காலையில் காற்று எழும்ப முன் தொண்டைமானாறு, பிறகு காற்று பின்னால் தள்ளத் தள்ளப் பருத்தித்துறை. அங்கே தட்டை வடை ஒரு பை வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள், ஒரு வாரம் வைத்துச் சாப்பிடலாம்.